ஈளை இழுப்புக்குக் கைமருந்து போதுமா?

மார்கழிப் பனி இறங்கத் தொடங்கிவிட்டால், மதுரை நகரின் நெசவாளர் தெருக்களிலும் வைகைப் பாசனத்துக் கிராமங்களிலும் விடியற்காலையில் வீட்டுக்கு வீடு இருமல் ஓசை கேட்கிறது. சிலருக்கு அது தை பிறந்ததும் நீங்கிவிடும். வேறு சிலருக்கோ ஆண்டு முழுவதும் நீங்காமல், படியேறினால் மூச்சு வாங்குவதும், இரவில் நெஞ்சில் விசில் போன்ற ஓசை எழுவதுமாகத் தொடர்ந்து வருகிறது. இதைத்தான் நம் மக்கள் ஈளை என்றும், இழுப்பு என்றும், இளைப்பு என்றும் பலவாறாகச் சொல்லுகிறார்கள். இதற்கு வீட்டில் செய்யும் கைமருந்து போதுமா, ஆஸ்பத்திரி மருந்து அவசியமா என்ற கேள்வி நம் அங்கத்தினர்களிடையே அடிக்கடி எழுகிறது.

சென்ற மார்கழியில் நமது சங்கத்துக்கு நூல் பெற வந்தவர்களிடையே இது பற்றி ஒரு வாக்குவாதமே நடந்தது. நாற்பது ஆண்டுகள் குழித்தறியில் அமர்ந்து நெய்தவரான ஒரு பெரியவர், “டாக்டர் கொடுத்த இன்ஹேலரை நிறுத்திவிட்டேன். அதைப் பிடித்தால் ஆயுசுக்கும் விடமுடியாது என்கிறார்கள். இப்போது ஆடாதோடைக் கஷாயந்தான் குடிக்கிறேன். சளி நன்றாக இளகுகிறது” என்றார். சோழவந்தான் பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் இளம் விவசாயி, “ஐயா, கஷாயத்தைக் குடியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மூச்சு மருந்தை நிறுத்தாதீர்கள். எங்கள் அம்மா பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன்” என்றார். சுற்றியிருந்தவர்கள் இரு கட்சியாகப் பிரிந்து பேசினார்கள். பேச்சு முடிவு காணாமலே அவரவர் நூலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

மூன்று வாரங்கள் கழித்து ஒரு நள்ளிரவில் அந்தப் பெரியவருக்கு இழுப்பு கண்டு, வாய்விட்டு ஒரு வார்த்தை பேச முடியாத நிலையில் அவரை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் சென்றார்கள். பல நாள் ஆக்ஸிஜன் வைத்துப் பிழைத்து வந்தார். ஆனால் முன்போல் அவரால் முழுநாளும் தறியில் அமர முடியவில்லை. வாக்குவாதத்தில் யார் சொன்னது சரி என்று கேட்க அப்போது எவருக்கும் மனம் வரவில்லை. இருந்தபோதிலும், அடுத்த மார்கழி வருமுன் அக்கேள்விக்கு நிதானமாக விடை காண்பது நமது கடமை என்று கருதி இக்கட்டுரையை வெளியிடுகிறோம்.

நோய் இன்னதென்று அறிதல்

இருமலும் மூச்சுத் திணறலும் பல நோய்களுக்குப் பொதுவான அடையாளங்கள். ஆஸ்துமா என்பது வந்து போகும் இழுப்பு. பெரும்பாலும் இளவயதிலேயே தொடங்கும். இடையில் முற்றிலும் குணமானது போலவும் இருக்கும். காசநோய் என்பது கிருமியால் வருவது. மாதக்கணக்கில் முறையாக மருந்துண்டால் குணமாவது. இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது ஒன்று உண்டு. அதுதான் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். டாக்டர்கள் இதைச் சி.ஓ.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். புகையையும் தூசியையும் பல ஆண்டுகள் சுவாசித்ததன் பலனாக, சாதாரணமாக நாற்பது வயதுக்கு மேல் இது வெளிப்படுகிறது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2021-ஆம் ஆண்டில் இந்நோயால் உலகெங்கும் சுமார் 35 லட்சம் பேர் மாண்டார்கள். மரணத்துக்குக் காரணமான நோய்களின் வரிசையில் இது நான்காவது இடத்தில் இருக்கிறது.

நம் விவசாய அங்கத்தினர்களுக்கு எளிதில் விளங்கும்படி இதைச் சொல்லலாம். மூச்சுக்குழாய்கள் வாய்க்கால்கள். அவற்றின் முடிவில் கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் பாத்திகளைப் போல் அமைந்திருக்கின்றன. அங்கேதான் இரத்தம் பிராணவாயுவை ஏற்றுக்கொள்கிறது. புகை ஓயாமல் படும்போது வாய்க்காலின் கரை வீங்கி நீரோட்டம் குறுகுகிறது. சளியாகிய வண்டல் படிகிறது. நாளடைவில் பாத்திகளின் வரப்புகளும் இடிந்து, பல சிறு பாத்திகள் ஒரே பள்ளமாகிவிடுகின்றன. வண்டலை வாரலாம், கரையின் வீக்கத்தையும் ஓரளவு தணிக்கலாம். ஆனால் இடிந்த வரப்பை மறுபடி கட்ட இன்றுவரை எந்த மருந்தும் இல்லை. கைமருந்தும் இல்லை, ஆஸ்பத்திரி மருந்தும் இல்லை. ஆகவே இந்நோயில் வைத்தியத்தின் நோக்கம், மிச்சமிருக்கும் வரப்புகளைக் காப்பதும், இருக்கும் மூச்சைக் கொண்டு நன்றாக வாழ்வதுமே.

மூன்று நோய்களில் எது என்று கேட்டோ பார்த்தோ தீர்மானிக்க இயலாது. ஸ்பைரோமீட்டர் என்னும் கருவியில் ஊதிப் பார்க்க வேண்டும். மூச்சை நிறைய இழுத்து, ஒரே மூச்சில் பலமாக வெளியே ஊதும்போது, வெளிவரும் மொத்தக் காற்றில் எவ்வளவு முதல் ஒரு விநாடியில் வந்தது என்பதைக் கருவி காட்டும். குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் இந்த அளவு 70 சதவிகிதத்துக்குக் குறைவாக இருந்தால் அடைப்பு நிலையானது என்று அறியலாம். ஊசி இல்லை, வலி இல்லை. சில நிமிஷ வேலை. முன்னாளில் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று வழங்கிய மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையும், நகரின் தென்புறத்தில் தோப்பூரில் உள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையும் நம் அங்கத்தினர்கள் நாடத்தக்க இடங்கள். எந்த மருந்தைக் குடிப்பது என்று வாதிடுவதற்கு முன்னால் எந்த நோய் என்று தெரிந்துகொள்வதே முறை.

ஆடாதோடையும் தூதுவளையும்

கைமருந்தின் கட்சியை முதலில் கவனிப்போம். அது வலுவில்லாத கட்சி அன்று. நமது வேலிகளில் வளரும் ஆடாதோடையில் வாசிசின் என்ற சத்து உண்டு. இச்சத்தை முன்மாதிரியாகக் கொண்டே ஜெர்மனியில் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கும் மருந்தைச் செய்தார்கள். 1960-களில் அது விற்பனைக்கு வந்தது. அது உடலுக்குள் சென்று மாறும்போது உண்டாகும் பொருளே ஆம்புராக்சால் என்ற பெயரில் தனி மருந்தாயிற்று. இன்று மருந்துக் கடைகளில் விற்கும் இருமல் பானகங்களில் இவ்விரண்டில் ஒன்று பெரும்பாலும் இருக்கக் காணலாம். ஆகவே, ஆடாதோடை குடித்தால் சளி இளகுகிறது என்று நம் பெரியவர் சொன்னதில் பொய்யில்லை.

தூதுவளையையும் கண்டங்கத்தரியையும் பற்றி 1999-இல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. இலேசானதும் நடுத்தரமானதுமான ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இவற்றின் பொடியை 300 மில்லிகிராம் ஒரு வேளை கொடுத்து, இரண்டு மணி நேரங்கழித்து ஊதச் செய்து பார்த்தார்கள். மூச்சின் அளவு திட்டமாகக் கூடியிருந்தது. கெடுதல் ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுத்த சால்புடமால், டெரிஃபிலின் ஆகிய மாத்திரைகளின் பலனை விட இவற்றின் பலன் குறைவாகவே இருந்தது.

இந்த ஆராய்ச்சியை இரு கட்சியாரும் முழுதாகப் படிக்க வேண்டும். நம் பாட்டிமார் துவையலரைத்தும் ரசம் வைத்தும் கொடுத்த கீரைக்குக் குணம் உண்டு என்பது முதற்பாடம். அது பழகிய மருந்துக்கு ஈடாகவில்லை என்பது இரண்டாவது. பரிசோதிக்கப்பட்டது ஆஸ்துமா, புகையால் வரப்பு இடிந்த நுரையீரல் அன்று என்பது மூன்றாவது. ஒரு வேளை மருந்து இரண்டு மணி நேரத்தில் தந்த பலனைக் கொண்டு பல ஆண்டு நோய்க்கு முடிவு கட்ட இயலாது என்பது நான்காவது.

சென்னையிலிருந்து சீமைக்குப் போன ஊமத்தை

நாட்டு மருந்துக்கும் ஆஸ்பத்திரி மருந்துக்கும் பிறவிப் பகை என்று நினைப்பவர்கள் ஊமத்தையின் கதையை அறிய வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் சென்னையில் தலைமை வைத்தியராக இருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். நெசவாளராகிய நமக்கும் இவர் ஒரு வகையில் உறவுடையவரே. சிவப்புச் சாயம் தரும் பூச்சிகளை வளர்ப்பதற்காகச் சைதாப்பேட்டையில் சப்பாத்திக் கள்ளித் தோட்டம் போட்டவர் இவர். பட்டுப்புழு வளர்ப்பிலும் முயன்றவர். இழுப்பு நோய்க்கு ஊமத்தையை உலர்த்திப் புகைக்கும் வழக்கம் இந்நாட்டில் இருப்பதை அறிந்து, தம் நோயாளிகளுக்கும் அதைச் சொன்னார். ஜெனரல் ஜென்ட் என்ற படைத் தலைவர் 1802-இல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 1812-இல் எடின்பரோ நகரத்து வைத்தியப் பத்திரிகையில் ஊமத்தைப் புகையைப் பற்றி எழுதினார்கள். பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்துமாச் சுருட்டுகள் கடைகளில் விற்றன.

அதில் வேலை செய்தது எது? மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையைச் சுருங்கும்படி ஒரு நரம்பு ஏவுகிறது. ஊமத்தையில் உள்ள அட்ரோபின் முதலிய சத்துகள் அந்த ஏவலைத் தடுத்துவிடுகின்றன, குழாய் விரிகிறது. ஆனால் அதே சத்துகள் இருதயத்தைப் படபடக்கச் செய்யும், வாயை உலர்த்தும், கண்ணைக் கூசச் செய்யும், சிறுநீரைக் கட்டும், அறிவை மயக்கிப் பிதற்றச் செய்யும், அளவு மிஞ்சினால் உயிரையும் வாங்கும். ஒரு செடிக்கும் மறு செடிக்கும், ஒரே செடியின் இலைக்கும் விதைக்கும் சத்தின் அளவு வேறுபடுவதால், பாதுகாப்பான அளவு இதுதான் என்று எவராலும் வீட்டில் நிறுக்க இயலாது. போதாக்குறைக்குப் புகையும் சேர்ந்து நுரையீரலைக் கெடுத்தது.

ரசாயன அறிஞர்கள் அச்சத்தைச் சற்றே மாற்றி, இரத்தத்தில் அதிகம் கலவாமலும், மூளைக்குள் எளிதில் புகாமலும் இருக்கும்படி செய்தார்கள். 1970-களில் இப்ராட்ரோபியமும், அதற்குப் பின் நாள் முழுவதும் வேலை செய்யும் டியோட்ரோபியமும் வந்தன. நாட்பட்ட நுரையீரல் அடைப்புக்கு இன்று டாக்டர்கள் தரும் முக்கிய மருந்துகளில் டியோட்ரோபியம் ஒன்று. அதன் ஒரு காப்சூலில் உள்ள மருந்து 18 மைக்ரோகிராம். அதாவது ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் பதினெட்டுப் பங்கு. நம் பெரியவர் வேண்டாம் என்று ஒதுக்கிய இன்ஹேலருக்கு இந்த நாட்டு ஊமத்தையே மூதாதை என்று அவரிடம் சொன்னபோது, சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டுச் சிரித்தார்.

இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற அச்சத்துக்கும் இதில் விடை இருக்கிறது. கள்ளும் புகையிலையும் பழக்கமாவது போல அது பழக்கமாவதில்லை. நோய் ஆயுள் முழுவதும் இருப்பதால் மருந்தும் இருக்கிறது. தறிக்கு நாள்தோறும் எண்ணெய் போடுகிறோம். தறி எண்ணெய்க்கு அடிமையாயிற்று என்று யாரும் சொல்வதில்லை.

குணமாயிற்று என்று தோன்றுவதேன்?

“எனக்கு இந்தச் சூரணத்தில்தான் குணமாயிற்று” என்று ஒருவர் சத்தியமாகச் சொல்லும்போது அவர் பொய் சொல்லுகிறார் என்று நாம் கருத வேண்டியதில்லை. ஆனால் சில காரியங்களைக் கணக்கில் கொள்ள வேண்டும். இழுப்பு தானாகவே ஏறி இறங்கும் நோய். மிக மோசமான நாளில்தான் புது மருந்தைத் தேடுகிறோம். அதன் பிறகு வரும் நாட்கள் எப்படியும் அதைவிடச் சற்று நல்லனவாகவே இருக்கக்கூடும். அந்த நன்மை மருந்தின் கணக்கில் ஏறுகிறது. பனி குறைந்து பங்குனி வெயில் வருவதும் மருந்தின் கணக்கில் ஏறுகிறது. மருந்தோடு சேர்த்து, “பீடியை விடு” என்று வைத்தியர் சொல்லியிருந்தால், பீடியை விட்டதன் பலனும் அதே கணக்கில் ஏறுகிறது.

ஐதராபாத்தில் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் மிருகசீரிட காலம் பிறக்கும் நாளன்று, உயிருள்ள சிறு விரால் மீனின் வாயில் மருந்தை வைத்து, இழுப்பு நோயாளிகளை விழுங்கச் செய்கிறார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் பல மாநிலங்களிலிருந்து சென்று வரிசையில் நிற்கிறார்கள். அம்மருந்து இன்னதென்று வெளியிடப்படவில்லை. அது நோயைக் குணப்படுத்துகிறது என்பதற்குப் பரிசோதனைச் சான்றும் இல்லை. கூட்டத்தின் அளவு சான்றாகாது. மருந்து உண்டவர்களையும் உண்ணாதவர்களையும் ஒரே அளவுகோலால் அளந்து பார்த்தால்தான் உண்மை புலப்படும். சங்கக் கணக்கை நாம் தணிக்கை செய்யாமல் ஏற்பதில்லை அல்லவா? மருந்துக்கும் அந்தத் தணிக்கை வேண்டும்.

அஞ்சறைப் பெட்டியிலும் அளவு உண்டு

நாட்டு மருந்தால் கெடுதலே வராது என்ற எண்ணமும் தவறு. சமையலில் சேரும் மிளகுக்கும் திப்பிலிக்கும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் சூரணமாக நாள்தோறும் கரண்டிக் கணக்கில் உண்டால், அவற்றிலுள்ள பைப்பரின் என்ற காரச்சத்து, இழுப்புக்குத் தரும் தியோஃபிலின் மாத்திரையை இரத்தத்தில் அதிகமாகத் தங்கச் செய்யும். அம்மருந்து அளவு மிஞ்சினால் குமட்டலும் படபடப்பும் வலிப்பும்கூட உண்டாகக்கூடும். அதிமதுரத்தை வாரக்கணக்கில் மிகுதியாக உண்டால் இரத்த அழுத்தம் ஏறும். உடலில் பொட்டாசியம் குறையும். சால்புடமாலும் பொட்டாசியத்தைக் குறைப்பது. இரண்டும் சேர்ந்தால் இருதயத்துக்குத் தீமை. ஆடாதோடை கருப்பையைச் சுருங்கச் செய்யக்கூடியதாகையால் கர்ப்பிணிகள் அதை உண்ணலாகாது.

நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பது அடைத்த மூக்கைத் திறக்கும். மனத்துக்கும் ஆறுதலாக இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் சிறு குழாய்களின் சுருக்கத்தை அது நீக்காது. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகள் உண்டு. ஆகையால் கவனம் தேவை. சாம்பிராணி, ஓமம் முதலியவற்றை நெருப்பிலிட்டு நோயாளிக்குப் புகை காட்டுவதை அறவே விடவேண்டும். புகையால் வந்த நோய்க்குப் புகையே மருந்தாகாது.

எல்லாவற்றையும் விடக் கொடியது பெயரும் சீட்டும் இல்லாத பொடிகள். சந்தையில் ஒருவன் விற்கும் பொடி மூன்றே நாளில் இழுப்பை அடியோடு நிறுத்தினால், வியப்பதற்கு முன்னால் சந்தேகிக்க வேண்டும். இத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு மருந்தை மறைவாகக் கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. முகம் ஊதுவதும், சர்க்கரை ஏறுவதும், எலும்பு வலுவிழப்பதும், திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வருவதும் அதன் பலன்கள். இதற்குச் சித்த வைத்தியத்தின் மேல் பழி சுமத்துவது முறையன்று. பாளையங்கோட்டையில் 1964-லிருந்து அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தப் பிரிவும் உண்டு. சித்த மருந்து உண்ண விரும்புகிறவர்கள் பட்டம் பெற்ற வைத்தியரிடம் போகலாம். உண்ணும் மற்ற மருந்துகளை அவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் தந்ததை ஆங்கில மருத்துவரிடமும் மறைக்கலாகாது.

வீட்டு வைத்தியமும், வீட்டில் வைத்தியமும்

ஆஸ்பத்திரியில் படுத்துக்கொள்ள நமக்கு ஏது வசதி, தறி நின்றால் அடுப்பு நிற்குமே என்று அங்கத்தினர்கள் கேட்பது நியாயமே. இதற்கு நம் மாநிலத்திலேயே கண்டறிந்த பதில் ஒன்று இருக்கிறது. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசாங்கமும், உலக சுகாதார ஸ்தாபனமும், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் கூடிச் சென்னையில் காசநோய் இரசாயன சிகிச்சை நிலையத்தை நிறுவின. அக்காலத்தில் காசநோய்க்கு ஓய்வும், நல்லுணவும், காற்றோட்டமுள்ள சானடோரிய வாசமும் இன்றியமையாதவை என்று உலகெங்கும் நம்பினார்கள். சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்துக்கு அனுப்பி, மறு பகுதியினரை நெருக்கமான தங்கள் வீடுகளிலேயே இருக்கச் செய்து, இரு சாராருக்கும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். 1959-இல் வெளியான முடிவு வைத்திய உலகையே வியக்கச் செய்தது. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய மற்றவர்களுக்குச் சமமாகவே குணமடைந்திருந்தார்கள். உடனிருந்த குடும்பத்தாருக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை.

இதிலிருந்து நாம் அறிவது யாது? வீட்டில் இருந்துகொண்டே வைத்தியம் செய்துகொள்ளலாம். ஆனால் உண்ணும் மருந்து பரிசோதிக்கப்பட்டதாகவும், இடையில் நிறுத்தப்படாததாகவும் இருக்கவேண்டும். வீட்டில் வைத்தியம் வேறு. வீட்டு வைத்தியம் வேறு. இந்நிலையமே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிலையம் என்ற பெயரில் இயங்குகிறது. மதுரையிலும் அதன் கிளை இருக்கிறது. காசநோய் குணமான பிறகும் நுரையீரலில் தழும்பு தங்கி நாட்பட்ட மூச்சுத் திணறலாக மாறுவதுண்டு. ஆகையால் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், கஷாயத்தோடு காலங்கடத்தாமல் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனையில் அது இலவசம்.

முதல் மருந்து புகையையும் தூசியையும் விலக்குவதே

எந்த மருந்தானாலும், புகை தொடரும்வரை அது ஓட்டைக் குடத்தில் ஊற்றும் நீரே. பீடியையும் சுருட்டையும் சிகரெட்டையும் விடுவதுதான் நுரையீரலின் தேய்வைத் தாமதப்படுத்தும் பெரிய வழி. எந்த வயதில் விட்டாலும் பலன் உண்டு. பீடியே தொடாத பெண்களுக்கு இந்நோய் வருவதேன் என்று கேட்கலாம். சீமைக்கருவேல விறகும் வறட்டியும் எரியும் தாழ்ந்த அடுப்படியில் பல ஆண்டுகள் குனிந்து ஊதியவர்களின் நுரையீரலும் புகைத்தவர்களின் நுரையீரலைப் போலவே கெடுகிறது. 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் ஏழை வீடுகளுக்கும் காஸ் இணைப்பு வந்திருக்கிறது. ஆயினும் சிலிண்டரைச் சிக்கனமாக வைத்து, வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகையே எரிக்கும் வீடுகள் இன்னும் உண்டு. அவ்வடுப்பையாவது வெளி முற்றத்தில் வைப்பது நலம்.

தொழிலில் உள்ள தூசியையும் மறக்கலாகாது. சணலும் நாரும் சிக்கெடுப்பவர்களுக்கு வரும் இருமலையும் இழுப்பையும் பற்றி இத்தாலிய வைத்தியர் ரமாசினி 1700-லேயே எழுதினார். பருத்தி ஆலைகளில் வார விடுமுறை கழித்து வேலைக்கு வரும் நாளில் நெஞ்சு இறுகுவதை 1950-களில் இங்கிலாந்தின் லங்காஷயரில் ஷில்லிங் என்பவர் விரிவாக ஆராய்ந்தார். பஞ்சு அடிக்கும் இடத்திலும் கார்டிங் பகுதியிலும் இது அதிகம், கைத்தறியில் குறைவு. குறைவு என்றால் இல்லை என்பதன்று. காற்றோட்டமில்லாத அறையில் தார் சுற்றும் பெண்டிரும் குழித்தறியில் அமர்வோரும் பஞ்சுத் துகளைச் சுவாசிக்கவே செய்கிறார்கள். சாயப்பட்டறையில் ஹைட்ரோஸ் பொடியிலிருந்து எழும் கந்தக நெடியும், பிளீச்சிங் பவுடரின் நெடியும் மூச்சுக்குழாயைப் புண்ணாக்குபவை. வயலில் கதிரடிக்கும் தூசியும், பூஞ்சணம் பிடித்த வைக்கோலை உதறும்போது எழும் தூளும் அப்படிப்பட்டவையே. சன்னலைத் திறந்து வைப்பது, துகளை உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைப்பது, வைக்கோலை நன்கு காயவைத்துப் போர் போடுவது, தூசி வேலையில் முகமூடி அணிவது ஆகியவை சிறு செலவில் ஆகும் காரியங்கள்.

அங்கத்தினர்கள் கைக்கொள்ள வேண்டியவை

ஒரு கைமருந்தை நம்மிடம் எவரேனும் சிபாரிசு செய்தால் மூன்று கேள்விகள் கேட்போம். இது எதைத் தணிக்கிறது? இதனால் என்ன கெடுதல் வரலாம்? இதற்காக நான் எதை விட்டுவிடப் போகிறேன்? மூன்றாவது கேள்வியே பிரதானமானது. துளசி நீரும், மிளகு ரசமும், சோழவந்தான் வெற்றிலையும் தொண்டைக்கு இதம் தருமானால் தடையின்றி உண்ணலாம். அவற்றுக்காக மூச்சு மருந்தை விட்டால்தான் ஆபத்து.

இன்ஹேலர் பலிக்கவில்லை என்று சொல்பவர்களில் பலர் அதைச் சரியாக இழுப்பதில்லை. அழுத்தி மருந்து தெறிக்கும் வகையானால், முதலில் மூச்சை வெளியே விட்டு, உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, மெதுவாகவும் ஆழமாகவும் இழுத்து, பத்து எண்ணும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும். ஸ்டீராய்டு கலந்ததானால் பிறகு வாய் கொப்பளித்துத் துப்பவேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இன்ஹேலரைக் கையோடு எடுத்துச் சென்று, டாக்டர் முன்னிலையில் ஒரு முறை இழுத்துக் காட்டுவது நன்று. மூச்சு வாங்கும்போது, மூக்கால் இழுத்து, சூடான பாலை ஆற்றுவதுபோல் உதட்டைக் குவித்து மெதுவாக வெளியே ஊதினால் திணறல் தணியும். இதற்குச் செலவே இல்லை. நாள்தோறும் இயன்ற மட்டும் நடப்பதும், டாக்டரைக் கேட்டு இன்புளூயன்சா, நிமோனியாத் தடுப்பூசிகள் போட்டுக்கொள்வதும் நல்லது.

ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்க இயலாமை, உதடும் நகமும் நீலம் பூத்தல், அறிவு மங்கித் தூங்கி விழுதல் ஆகிய அடையாளங்கள் கண்டால் அது கஷாயம் காய்ச்சும் நேரமன்று. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். சளி மிகுந்து மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் மறுநாளே டாக்டரைப் பார்க்க வேண்டும். இரத்தம் கண்டால் அன்றே போகவேண்டும்.

சங்கங்களும் சும்மா இருத்தல் ஆகாது. ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்கு முன்னால், அரசு மருத்துவரை அழைத்து அங்கத்தினர்களுக்கும் அவர்கள் வீட்டுப் பெண்டிருக்கும் ஊதல் சோதனை நடத்த நிர்வாகிகள் ஏற்பாடு செய்யலாம். நூல் கொடுக்கும் இடத்தில் முகமூடியும் கொடுக்கலாம். தறிக்கூடத்துக்குச் சன்னல் வைக்கக் கடன் கேட்கும் அங்கத்தினருக்கு முன்னுரிமை தரலாம். ஒருவர் தனியாகச் செய்ய முடியாததைப் பலர் கூடிச் செய்வதற்கே கூட்டுறவு.

முதலில் சொன்ன பெரியவர் இப்போது காலையும் மாலையும் இன்ஹேலர் இழுக்கிறார், பீடியை விட்டுவிட்டார். ஆடாதோடைக் கஷாயத்தையும் டாக்டரிடம் சொல்லிவிட்டே குடிக்கிறார். தறியில் அரைநாள் அமர்கிறார். மறு அரைநாள் பேரனுக்கு அச்சுப் பிணைக்கக் கற்றுக்கொடுக்கிறார். இழந்த அரைநாளை இனி எந்த மருந்தாலும் மீட்க முடியாது. வேறோர் அங்கத்தினர் அதுபோல் அரைநாளை இழக்காமலிருந்தால், இதை எழுதியதன் பயனை நாம் அடைந்தவர்களாவோம்.